காலித் தொம்பை

"மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறேன்" என்று சொன்னால், "ஓஹோ, உதகமண்டலத்து ரயில் ஏறும் ஊரா?" என்பார்கள். எங்கள் மேட்டுப்பாளையம் புதுச்சேரியில் உள்ளது. மலையும் கிடையாது, மலை ரயிலும் கிடையாது; தொழிற்பேட்டையும் லாரி நிலையமுந்தான் உண்டு. அங்கே குடியிருப்பவனுக்கு, ஆகாரம் என்பது லாரியில் வந்து இறங்கும் வஸ்து என்றே தோன்றிவிடுகிறது. அந்த எண்ணத்தோடுதான் சென்ற கோடை விடுமுறையில் கொல்லிமலைக்குப் புறப்பட்டேன்.

நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து பாதை ஏறுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள்! முப்பது வரையில் வளைவுகளை எண்ணினேன். அப்புறம் கண்ணை மூடித் தெய்வத்தை எண்ணினேன். வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீசுவரர் கோவில், ஆகாய கங்கை அருவி இவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் உண்டு. நான் எழுத விரும்புவது ஒரு தொம்பையைப் பற்றி.

தொம்பை என்பது அங்குள்ள மலையாளிப் பழங்குடிகளின் தானியக் களஞ்சியம். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தார் என்று எண்ணவேண்டாம், தாய்மொழி தமிழே. நான் சென்ற வீட்டுத் தொம்பையில் கிழிந்த குடை ஒன்றும் காலிச் சாக்குகளும் கிடந்தன.

"முன்பு இதில் என்ன இருந்தது, பாட்டி?"

"சாமை, வாத்தியாரய்யா. ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் குழந்தைகளுக்குச் சோறு இருக்கும்."

உமி நீக்காத சாமை வருஷக்கணக்கில் கெடாது. மரவள்ளிக் கிழங்கோ, பிடுங்கிய சில தினங்களில் கெட்டுவிடும். ஆலைக்கு அனுப்பியே தீரவேண்டும். யுத்தத்தால் கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, 1943-ம் வருஷத்தில் சேலத்தில் அத்தொழில் ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் அதற்கான கிழங்கு மலைமேலும் ஏறிச் சாமைக் கொல்லைகளைப் பிடித்துக்கொண்டது. கிழங்கு பணமாயிற்று, பணம் அரிசியாயிற்று. கிழங்கு விலை சரியும் வருஷத்தில் கணக்கு தப்பிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடை அரிசி இலவசம். அது பெரிய உதவியே. ஆனால் அதுவும் மலைப்பாதை ஏறித்தானே வரவேண்டும்!

"இவ்வளவு சத்துள்ள சாமையை விடலாமா?" என்று உபதேசம் தொடங்கினேன். உபாத்தியாயர் தொழிலின் தோஷம்! பாட்டி ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். உலக்கை பிடித்துக் காய்த்த கை. சாமையின் உமி லேசில் நீங்காது. தினந்தோறும் அதைக் குத்தியவர்கள் பெண்களே. அரிசிக்கு உலக்கை வேண்டியதில்லை. என் பிரசங்கம் அத்துடன் நின்றது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் உழைத்து, விதை வங்கிகளையும், பெண்கள் குழுக்களின் பொறுப்பில் உமி நீக்கும் யந்திரங்களையும் ஏற்படுத்தினார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கொண்டாட்டத்தைவிட யந்திரம் பெரிது என்றே எனக்குப் பட்டது.

விடை பெறும்போது, இந்த வருஷம் கொல்லையின் ஒரு மூலையில் சாமை விதைக்கப் போவதாகப் பாட்டியின் மருமகள் சொன்னாள். "பக்கத்து ஊர் யந்திரம் பழுதாகாமல் இருக்கவேண்டும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.