பூவிலேயே விலைபோகும் தோப்பு

உலகில் மாம்பழ விளைச்சலில் முதலிடம் நம் நாட்டுக்கு என்று பாடநூலில் படிக்கிறோம். ஆனால் மரத்தை வளர்த்தவனுக்கு அந்தப் பழம் சொந்தமா என்ற கேள்வியைப் பாடநூல் கேட்பதில்லை. என் வீட்டுக் கணக்கைக் கொண்டு அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

என் ஊர் பண்பொழி. திருமலைக் குமரன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். மேற்கே மலை, மலையடியில் மேக்கரையில் அடவிநயினார் அணை. நெல்லும் தென்னையும் மாவும் எங்கள் பிழைப்பு. எங்களுக்கு மேக்கரை செல்லும் வழியில் நாற்பது மாமரங்கள் உண்டு. மார்கழி, தையில் மரம் பூக்கும். வீட்டுச் செலவுகளும் அதே மாதங்களில்தான் வரிசையாக வந்து நிற்கும். அப்பா குத்தகைக்கார அண்ணாச்சியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தோப்பைப் பூவிலேயே கொடுத்துவிடுவார். பிஞ்சு உதிர்ந்தால் நட்டம் அண்ணாச்சிக்கு. காய் நின்றால் லாபமும் அவருக்கே. அவர் கெட்டவர் அல்லர். காற்று, மழை, யானை என்ற மூன்று பயங்களையும் சேர்த்தே அவர் விலைக்கு வாங்குகிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவர் ஊருக்கு வந்தார். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து, மரத்துக்குள் வெயில் விழச் செய்ய வேண்டும் என்றார். பழ ஈ காயின் தோலுக்கடியில் முட்டையிடும். புழு பழத்தோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாகக் கிளம்பும். ஆகவே விழுந்த பழங்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். மெத்தில் யூஜினால் வைத்த பொறிகளைக் கட்டி ஆண் ஈக்களைப் பிடிக்க வேண்டும் என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் செய்யவில்லை.

ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "நான் காசு போட்டுப் பொறி கட்டணும், பழத்தை அவுக பறிச்சிட்டுப் போகணும். இது என்னடா நியாயம்?" என்றார்.

பொருளியல் வகுப்பில் கேட்ட பலவற்றைவிட இந்த ஒரு பதில் எனக்குத் தெளிவாக விளங்கியது. ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு அடுத்த ஆண்டுக்காகக் கவாத்து செய்ய அவசியமில்லை. உடையவருக்கோ இந்த ஆண்டுப் பழத்தைக் காக்க அவசியமில்லை. இருவருக்கும் நடுவில் மரம் அநாதையாக நிற்கிறது.

சென்ற ஆண்டு அப்பாவும், சித்தப்பாவும், பக்கத்துத் தோப்பு மாமாவும் குத்தகைக்கு விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மூன்று தோப்பிலும் பொறிகள் தொங்கின. பால் வடிந்து தோல் கறைபடாமலிருக்கக் காம்போடு பறித்தோம். பெரிது, நடுத்தரம், கழிவு என்று பிரித்தோம். கார்பைடு கல்லை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. நாங்கள் வைக்கோலிலேயே பழுக்க வைத்தோம். கணக்கு நோட்டு என் பொறுப்பு. ஓரிரவு யானை இறங்கி இரண்டு மரங்களை முறித்துப் போட்டது. அந்த நட்டம் இம்முறை எங்கள் தலையில். ஆயினும் குத்தகைப் பணத்தைவிடச் சற்று அதிகமாகவே கையில் நின்றது. சங்கிலியும் திரும்பியது.

ஆனால் இந்தத் தையில் மாமா மறுபடியும் குத்தகைக்கே கொடுத்துவிட்டார். மகளுக்குத் திருமணம், வேறு வழியில்லை. அவர் தோப்பில் இப்போது பொறி இல்லை. பழ ஈக்கு வேலி ஏது? அவருடைய முடை எங்கள் பழத்தையும் தொடுகிறது.

எனவே, நல்ல ஆலோசனை மட்டும் உழவருக்குப் போதாது. அந்த ஆலோசனையால் வரும் பயன் அவருக்கே சேர வேண்டும். அதற்குத் தை மாதத்தில் அவர் கையில் நியாயமான வட்டிக்குப் பணம் வேண்டும். 1998இல் வந்த கிசான் கடன் அட்டை தோட்டப் பயிர்களுக்கும் உண்டு. எங்கள் தெருவில் பலர் படிவத்தைக் கண்டே தயங்குகிறார்கள்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் கிராமத்துப் பிள்ளைகள். நமக்குப் படிவம் நிரப்பத் தெரியும். வரவு செலவு எழுதத் தெரியும். உழவன் செயலியில் சந்தை விலை பார்த்துச் சொல்லத் தெரியும். அடுத்த பூப்பருவத்துக்குள் நம் தெருவில் ஒரே ஒரு தோப்புக்காரருக்கு இவற்றைச் செய்து கொடுப்போம். நான் மாமாவின் படிவத்திலிருந்து தொடங்குகிறேன்.