'நாம்' என்னும் சொல்

கருத்தை அறிவிப்பது மட்டுமன்று, கேட்பாரைத் தன்வயப்படுத்துவதும் மொழியின் தொழிலே. வள்ளுவப் பெருந்தகை சொல்வன்மைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தமை இதனாலன்றோ? உவமை, அடுக்கு, விடை வேண்டா வினா எனப் படிப்போரை ஈர்க்கும் உத்திகள் பல. அவற்றுள் மிகச் சிறியதும் மிக ஆற்றலுடையதும் 'நாம்' என்னும் ஒரு சொல்லே என்பது எம் கருத்து.

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. அம், ஆம் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் ஈறுகள் படர்க்கையாரையும் உளப்படுத்தும் என நன்னூலார் பகுப்பார். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். எதிரில் நிற்பவரை உள்ளே அழைப்பதா, வெளியே நிறுத்துவதா என்பதைத் தமிழ் பேசுவோர் வாய் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்வோர் இருமருங்கும் இச்சொற்களைக் காணலாம். 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்பது கடைப் பலகைகளின் பழைய நடை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது; எனினும் வாங்குவோர் மனத்தில் உறுதியை ஊட்டுவது அந்த 'எங்கள்'தான். வணிகர் 'எங்கள்' என்று தாம் பொறுப்பேற்கிறார். தேர்தல் சுவரொட்டியோ 'நாம்' என்று நம்மைப் பொறுப்பாக்கிவிடுகிறது!

இவ்வுத்தியின் நுட்பத்தைக் காணத் திருவில்லிபுத்தூர்க் கோதையின் திருப்பாவையைவிடச் சிறந்த இலக்கியம் இல்லை. மார்கழி வைகறையில் ஒலிபெருக்கி வழியே அப்பாடல்கள் இளமையில் எம் இராசபாளையத்து வீட்டுக்குள்ளும் வரும். சற்று முன்பின்னாகச் சுபுஹு பாங்கும் ஒலிக்கும். இரண்டும் உறங்குவோரை எழுப்பும் சொற்களே. முதல் அழைப்பு எமக்கன்று என அறிவோம். ஆயினும் விழிப்பு எமக்கும் வந்தது.

முப்பது பாடல்களில் ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்தும் தோழியரைத் துயிலெழுப்புவன. பறவை ஒலித்தது, கீழ்வானம் வெளுத்தது, தயிர் கடையும் ஓசை கேட்கிறது என முதலில் சான்றுகள். அவை பயன்படாதபோது எள்ளல்: கும்பகருணன் தன் உறக்கத்தை உனக்குத் தந்து போனானோ என்று. தாயிடமும் முறையீடு. நோன்பின் நெறியைக் கூறுமிடத்தில் 'நாம்' என்று உடன்சேர்க்கும் அக்குரல், முன்னெழுந்து எழுப்புவதாக வாய்ப்பேச்சுப் பேசியவளைக் கடியும் பதினான்காம் பாட்டில் 'எங்கள்' என மாறுகிறது. உறங்குபவள் ஒரு நொடியில் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். மீண்டும் 'நாம்' ஆக வேண்டுமெனில் அவள் எழுந்து வந்தாக வேண்டும். வகுப்பில் இதனை நடத்தும்போதெல்லாம் எமக்கு வியப்பு குறைவதில்லை.

அன்பிலே பிறந்த அந்த உத்தி பகையின் கையிலும் அகப்படும். சில ஆண்டுகளுக்கு முன் துண்டறிக்கை ஒன்று எம் வகுப்பறைக்கு வந்தது. 'நம் மண்', 'நம் உரிமை' என வரிக்கு வரி 'நம்'. பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்த 'நம்'மில் நாங்கள் உண்டா?" என்று வினவினார். வகுப்பு அமைதியாயிற்று. நன்னூல் கொண்டு விடை கூற இயலவில்லை. உள்ளே இருப்பதாக உணர்பவர் அதன் வெதுவெதுப்பில் சான்று கேட்க மறந்துவிடுகிறார். வெளியே இருப்பதாக உணர்பவர் அடுத்த வரியைப் படிக்கவே அஞ்சுகிறார். எழுதியவர் விரும்பியதும் அதுவே போலும்.

அன்றுமுதல் ஆண்டுதோறும் ஒரு பயிற்சி தருகிறோம். கையில் கிடைக்கும் அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, 'நாம்' வருமிடமெல்லாம் அடிக்கோடிட்டு, அதனுள் யார், புறத்தே யார் என எழுத வேண்டும். பிறர் அறிக்கைகள் மட்டும் போதா. நம் அறிக்கைகளும் வேண்டும் என்பது விதி.

மாணவி ஒருவர் தம் தெருவில் நடந்த மீலாது விழாவின் அறிக்கையைக் கொணர்ந்தார். 'நாம் அனைவரும் திரளாகக் கலந்துகொள்வோம். நம் வீட்டுப் பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு' என்றிருந்தது. அவர் கீழே எழுதியிருந்தார்: "முதல் வரியின் 'நாம்' என்னையும் அழைத்தது. இரண்டாம் வரியின் 'நம்' என்னை வெளியே நிறுத்தியது."

மாணவியின் இசைவுடன் அத்தாளை அறிக்கை எழுதிய பெரியவரிடமே காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். பின்னர், "பேனா இருக்கிறதா, பேராசிரியரே?" என்று கேட்டார்.