ரஞ்சன்குடிக் கோட்டையில் நாங்கள்

சென்னைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் ரஞ்சன்குடிக் கோட்டையை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம். இவ்வாண்டுதான் சரித்திர ஆசிரியையான சிஸ்டருடன் மேலே ஏறினோம். எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. கருங்கல் மதில்கள் இன்னும் திடமாகவே நிற்கின்றன!

கர்நாடகப் போர் என்றால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்ட சண்டை என்றே படித்திருந்தோம். உண்மையில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக ஒரே நாட்டார் இரு கட்சியாகப் பிரிந்து மோதிய போர் அது. 1749-இல் ஆம்பூரில் நவாபு அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சியில் ஒதுங்கினார். அவரைப் பிடிக்க 1751-இல் சந்தா சாகிபு இவ்வழியே வந்தார். வழிமறித்த ஆங்கிலப் படை இங்கே தோற்று, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அப்படையில் கிளைவும் இருந்தார் என்றதும் சிரித்தோம்.

"இங்கே செத்தவங்க பேரெல்லாம் எதில் இருக்கு, சிஸ்டர்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

"நம்ம புத்தகத்துல தலைவர்கள் பேர்தாம்மா இருக்கு" என்றார் சிஸ்டர். சிரிப்பு அடங்கிவிட்டது. இரு பக்கமும் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் இந்நாட்டுப் பிள்ளைகளே அல்லவா?

1752-இல் தஞ்சைப் படைத்தலைவரிடம் சரணடைந்த சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. முகமது அலி நவாபானார். கம்பெனிக்குக் கடனாளியும் ஆனார். 1765-இல் திறைப் பாக்கிக்காக நவாபின் படை, ஆங்கிலேயர் துணையோடு, அரியலூர்மீதும் உடையார்பாளையத்தின்மீதும் பாய்ந்தது. எங்களில் பாதிப் பேர் அப்பக்கத்தவர். அந்நாளைப்பற்றி வீட்டில் ஏதேனும் கதை உண்டா என்று பாட்டிமாரிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.