வெண்பாவும் ஒரு பாவே

நாற்பத்தாறாம் வயதில் ஜாவா கற்கத் தொடங்கினேன். முதுகலைத் தமிழ் படித்தவருக்கு இது எதற்கு என்று துறையில் கேட்டார்கள். மாணவர் எழுதும் செய்யுளை அலகிட்டுக் காட்டும் சிறு நிரல் ஒன்றை நானே எழுதி, யாப்பிலக்கண வகுப்பில் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. சீர்களை அசை பிரிக்கும் வரை எப்படியோ வந்துவிட்டேன். இன்ஹெரிட்டன்ஸ், அதாவது மரபுரிமம், என்னும் இயலில் கால் ஊன்ற முடியவில்லை. அதைக் கடக்க உதவியவன் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற கணினி அறிவியல் மாணவன். அவனுக்கு நான் இழைத்த தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அவன் சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘தெருக்கூத்து’ என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்த மகிழ்ச்சியில், முத்தமிழ் விழாவில் பாடுவோர் பட்டியலில் அவனைக் கேளாமலே பெயர் சேர்த்தேன். தயங்கியவனிடம், “கூத்துக்காரர் மகனுக்குப் பாட்டு வராதா தம்பி?” என்றேன். விழாவன்று ஒலிவாங்கியின் முன் நின்றான்; குரல் எழவில்லை. பின்வரிசையில் சிரிப்பொலி. இரவெல்லாம் கூத்தில் இருந்துவிட்டுக் காலைப் பேருந்தில் வந்திருந்த அவன் தந்தை, எவரிடமும் பேசாமல் எழுந்து வெளியே போனார். அதன்பின் என் வகுப்பில் அவன் கடைசி இருக்கைக்கு மாறிவிட்டான்.

சில மாதங்கள் கழித்துக் கணினித் துறைத் தோழி ஒருவரிடம் உதவி கேட்டேன். அவர் அனுப்பிவைத்தது அவனைத்தான்.

“உங்களுக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொள்வோம் ஐயா” என்றான். ‘பா’ என்று ஒரு வகுப்பு. ஜாவாவில் வகுப்புக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடி, சீர், ஓசை ஆகியவை பாவுக்குப் பொது. அதிலிருந்து வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என நான்கு உள்வகுப்புகள். அடியையும் சீரையும் எண்ணும் வேலையைப் பாவிடமிருந்து அப்படியே பெற்றுக்கொள்கின்றன. ஓசையை மட்டும் ஒவ்வொன்றும் தனக்கெனத் திருத்தி எழுதுகிறது. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல்.

வெண்பா ஒன்றைப் ‘பா’ என்ற பொதுப்பெயரால் சுட்டலாம். எந்தத் தடையும் இல்லை. அப்போது ஓசையைக் கேட்டாலும் செப்பல் என்றே விடை வரும். பெயர்தான் பொதுவாயிற்று, பொருள் வெண்பாவாகவே இருக்கிறது. ஆனால் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் ஈற்றுச்சீர் வாய்பாட்டை அந்தப் பொதுப்பெயரின் வழியே கேட்டால் கம்பைலர் மறுத்துவிடும். எல்லாப் பாவுக்கும் அது உரியதன்று. ‘இது வெண்பா’ என்று நாம் உறுதிகூறி வகையை மாற்றிக் காட்ட வேண்டும். இதுவே காஸ்டிங்.

“அங்கே இருப்பது ஆசிரியப்பாவாக இருந்தால்?” என்று கேட்டேன்.

“கம்பைலர் நம் சொல்லை நம்பி விட்டுவிடும் ஐயா. நிரல் ஓடும்போது அந்த வரியில் விழுந்துவிடும். காஸ்ட் செய்வதால் பொருள் மாறாது. முதலில் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அதற்கு இன்ஸ்டன்ஸ்ஆஃப் என்று ஒரு சொல் இருக்கிறது.”

அவன் திரையைப் பார்த்தபடி இயல்பாகத்தான் சொன்னான். எனக்கு ஒலிவாங்கியின் முன் நின்ற அவன் முகம் நினைவுக்கு வந்தது. படிவத்தில் இருந்த ஒரு சொல்லை நம்பி அவனைப் பாடகன் என்று அறிவித்தவன் நான். அறிவிப்பில் பிழை தெரியவில்லை; மேடையில் தெரிந்தது.

என் குழப்பத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. பாடநூல்கள் தந்தை வகுப்பு, சேய் வகுப்பு என்று உறவுப்பெயர் சொல்கின்றன. வெண்பா ஒரு பா. அதனால் பாவின் இயல்பெல்லாம் அதற்கு உண்டு. மகன் அவ்வாறு தந்தையின் ஒரு வகை அல்லன். நார்வே நாட்டின் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1967-இல் சிமுலா மொழியில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தபோது, உறவுப்பெயர் எதுவும் சூட்டாமல் ‘முன்னொட்டு’ என்று பொருள்படும் சொல்லையே ஆண்டனர். ஒரு வகுப்பின் பெயரை இன்னொன்றின் முன் ஒட்டி எழுதுவார்கள், அவ்வளவே. இலக்கணம் படித்த எனக்கு அந்தப் பெயரே தெளிவாக இருக்கிறது.

அன்று மாலை அவனிடம், “விழாவில் உன்னைக் கேளாமல் பெயர் சேர்த்தது என் தவறு, தம்பி” என்றேன். சற்று நேரம் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பாவுக்கும் பாட வராது ஐயா. அவர் முகவீணை வாசிப்பவர்.”

தந்தையையும் நான் கேட்டிருக்கவில்லை.

நிரல் இப்போது ஓரளவு ஓடுகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீரைத் தேடுவதற்கு முன், இது வெண்பாதானா என்று கேட்கும் வரி அதில் இருக்கிறது. அந்த வரியை எழுதியவன் அவன். அடுத்த விழாவுக்குப் பட்டியல் எழுதுமுன் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் சென்று கேட்டேன். அவன் வேண்டாம் என்றான். சரி என்றேன்.