மரகதக் கரை: ஒரு இளவரசர் வாங்கிய கடற்கரை

இத்தாலிக்குச் சொந்தமான சார்டீனியா தீவின் வடகிழக்கு மூலையில் "கோஸ்டா ஸ்மெரால்டா" என்று ஒரு கடற்கரை இருக்கிறது. தமிழில் சொன்னால் மரகதக் கரை. கடல் தண்ணீரின் பச்சை நிறத்தைப் பார்த்து ஏதோ ஒரு பழைய மாலுமி வைத்த பெயர் என்றுதான் போகிறவர்கள் நினைப்பார்கள். கிடையாது! பெயரின் வயசு அறுபத்துச் சொச்சம்தான். அதுக்கு முன்னால் இந்த இடத்துக்கு உள்ளூர் ஆட்கள் வைத்திருந்த பெயர் "மோந்தி டி மோலா". மோலா என்றால் திரிகைக் கல். கருங்கல் பாறைகள், முள்ளுப் புதர், ஆடு மேய்க்கிறவர்கள். அவ்வளவுதான் அன்றைய மரகதக் கரை.

1962 மார்ச் 14. இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாமான நான்காம் ஆகா கான், அப்போது 25 வயசுப் பையன், பணக்கார நண்பர்கள் சிலரோடு சேர்ந்து இங்கே ஒரு கன்சார்ஷியம் ஆரம்பித்தார். பையில் பணம் இருக்கிற 25 வயசுப் பையன்கள் பொதுவாகக் கார் வாங்குவார்கள், இவர் கடற்கரை வாங்கினார் :-)

அதுவரை ஏன் யாரும் வாங்கவில்லை? அதற்கு ஒரு காரணம் கொசு. சார்டீனியா பல நூற்றாண்டுகளாக மலேரியா தீவு. 1946-லிருந்து 1950 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தீவு முழுக்க டி.டி.டி. அடித்தார்கள். கொசு இனத்தையே ஒழிப்பதுதான் திட்டம். கொசு தப்பித்துவிட்டது, மலேரியா மட்டும் ஒழிந்தது! அந்த டி.டி.டி. அடிக்கப்படாமல் இன்றைக்கு அங்கே படகு நிறுத்தும் கோடீஸ்வரர்கள் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

நிலம் வாங்கிய கதை இன்னும் சுவாரஸ்யம். கல்லூரா என்று அழைக்கப்படும் அந்த வட்டாரத்து மேய்ப்பர் குடும்பங்களில், புல் வளரும் உள்நிலத்தை ஆண் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, உப்புக்காற்றில் எதுவும் விளையாத கடலோரத்தைப் பெண் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுவார்களாம். இளவரசரின் ஆட்கள் வந்து கேட்டதோ கடலோரம்! கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது அந்தப் பெண்களுக்கு. ஊரில் இன்னமும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. ஆனால் அன்றைக்குக் கிடைத்த விலைக்கும் இன்றைக்கு அதே நிலத்தின் விலைக்கும் உள்ள தூரத்தை யோசித்தால், உண்மையில் யாருக்குக் கொட்டியது என்ற கேள்வி வராமல் இருக்காது.

ஆகா கானின் புத்திசாலித்தனம் நிலம் வாங்கியதில் இல்லை, சட்டம் போட்டதில்தான் இருக்கிறது. கன்சார்ஷியத்துக்கு என்று ஒரு கட்டடக்கலைக் குழு. யார் என்ன கட்டினாலும் அவர்கள் சம்மதிக்க வேண்டும். கட்டடம் நிலத்தோடு ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும். மின்கம்பி பூமிக்கு அடியில். ழாக் கூயெல், லூயிஜி வியெத்தி, மிகேலே புசிரி வீச்சி போன்ற கட்டடக் கலைஞர்கள் வளைந்த சுவர், ஓட்டுக் கூரை, மங்கிய மண் நிறம் என்று ஒரு "பழைய மத்தியதரைக்கடல் கிராமத்தை" புதுசாகவே கண்டுபிடித்துக் கட்டினார்கள். தலைநகரான போர்த்தோ செர்வோ துறைமுகம் அப்படிப் பிறந்ததுதான். (செர்வோ என்றால் கலைமான். குடாவின் வடிவம் மான் கொம்பு மாதிரி இருக்கிறதாம்.) கூயெல் கட்டிய காலா டி வோல்பே ஹோட்டலை 1977-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பார்த்திருக்கலாம். ரோஜர் மூரின் வெள்ளைக் கார் கடலுக்குள்ளிருந்து மணலில் ஏறி வருமே, அதுவும் இந்தப் பக்கத்துக் கடற்கரைதான்.

வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்தது. தீவுக்கு விமானம் போதவில்லை என்றதும் 1963-ல் ஆகா கானே அலிசார்தா என்று விமான நிறுவனம் தொடங்கினார். 1967-ல் படகுப் பந்தயத்துக்கு யாட் கிளப். ஹோட்டல், அங்கே வரும் விமானம், அங்கே நடக்கும் போட்டி எல்லாமே ஒரே கை. அந்தக் கை பிறகு மாறியது. 2003-ல் காலனி கேபிடல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் சொத்துக்களை வாங்கியது. 2012-ல் கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனம். அலிசார்தா மெரிதியானா ஆகி, பிறகு ஏர் இத்தாலி ஆகி, 2020 பிப்ரவரியில் மூடப்பட்டது. 2025 பிப்ரவரியில் ஆகா கானும் காலமானார்.

உள்ளூர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா? 2004-ல் மாநிலத் தலைவராக வந்த ரெனாத்தோ சோரு, கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் புதுக் கட்டடங்களுக்குத் தடை போட்டார். 2006-ல் வெளியாட்களின் இரண்டாவது வீடு, பெரிய படகு, தனி விமானம் எல்லாவற்றுக்கும் ஆடம்பர வரி. பணக்காரர்கள் கத்தினார்கள். 2008-ல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் வீட்டு வரியைத் தள்ளுபடி செய்தது. 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம், வெளியூர்க்காரனுக்கு மட்டும் வரி என்பது பாரபட்சம் என்று படகு, விமான வரியையும் செல்லாது என்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தன் ஊரில் வந்து நிற்கும் 50 மீட்டர் படகிடம் வரி கேட்க ஒரு தீவுக்கு வழி கிடைக்கவில்லை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சரி, சாதாரண ஆள் போக முடியுமா? தாராளமாக! இத்தாலியச் சட்டப்படி கடற்கரை அரசுச் சொத்து. பிரின்சிபே (இளவரசருக்குப் பிடித்த கடற்கரை, அதனால் அந்தப் பெயர்), கப்ரிச்சோலி, லிஷா ருயா எல்லாமே பொதுமக்களுக்குத் திறந்தவை. வண்டியை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் புதர்ப் பாதையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ரோம் பக்கத்து சிவிதாவெக்கியாவிலிருந்து ஓல்பியாவுக்குக் கப்பல் உண்டு, ஓல்பியாவிலிருந்து அரசுப் பேருந்தும் உண்டு. போர்த்தோ செர்வோவில் காபி குடிப்பதற்கு முன்னால் விலைப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. பக்கத்திலேயே கன்னிஜோனே என்ற பழைய மீன்பிடி ஊர் இருக்கிறது, தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் அதுதான் சரி.

ஆகஸ்டில் போகக்கூடாது, இத்தாலியே விடுமுறையில் அங்கேதான் நிற்கும். குளிர்காலத்திலும் கூடாது. கடைகள் இழுத்து மூடியிருக்கும், தெருவில் பூனைகூட இருக்காது. கோடையில் பரிமாறியவர்களும் அறை பெருக்கியவர்களும் அடுத்த சீசனுக்காக வீட்டில் காத்துக்கொண்டிருப்பார்கள். ஜூன் அல்லது செப்டம்பர் உத்தமம். செப்டம்பரில் பெரிய பாய்மரப் படகுகளின் பந்தயம் நடக்கும், கரையிலிருந்து பார்க்கலாம்.

இன்னொன்று. ஞாபகத்துக்கு என்று மணலைப் பாட்டிலில் அள்ளி வரும் பழக்கம் இருந்தால் அங்கே காட்டவேண்டாம். 2017-லிருந்து 500 முதல் 3000 யூரோ வரை அபராதம். 2019-ல் ஒரு பிரெஞ்சு ஜோடி 40 கிலோ மணலோடு கப்பல் ஏறப் போய் மாட்டிக்கொண்டது.