திற்பரப்புக்கு வர்றவங்க கவனத்துக்கு...

குமரி மாவட்டத்துக்கு டூர் வருகிறவர்களில் பாதிப் பேர் போடும் திட்டம் ஒன்றுதான். விடியற்காலை கன்னியாகுமரியில் சூரிய உதயம், அப்புறம் விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை. கடைசியில் சாயங்காலம் நாலு மணிக்கு வியர்த்து வழிந்துகொண்டு திற்பரப்பு. அந்த நேரத்தில் அருவியில் தலைகள்தான் தெரியும், தண்ணீர் தெரியாது! இதே திட்டத்தை அப்படியே தலைகீழாகப் போட்டால் காலையில் நிம்மதியாகக் குளிக்கலாம், மாலையில் கடலைப் பார்க்கலாம். (திங்கட்கிழமை அரண்மனை கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.)

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முக்கியமான ஊர் குலசேகரம். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் அங்கே பஸ் உண்டு. அங்கிருந்து திற்பரப்பு பக்கம்தான், ஆட்டோவும் கிடைக்கும். ரயிலில் வந்தால் குழித்துறை ஸ்டேஷன் வசதி. கேரள எல்லை கிட்ட இருப்பதால் கடைகளில் மலையாளமும் காதில் விழும். 1956 நவம்பர் 1 வரை இதெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதிதானே. தமிழிலேயே பேசலாம், "எப்பம் வந்திய?" என்று பதில் வந்தால் திகைக்க வேண்டாம்.

இனி தண்ணீர் விஷயம். இதுதான் உயிர் விஷயமும்.

குற்றாலம் மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இங்கே சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுவது கோதையாறு. அந்த ஆற்றுக்கு மேலே பேச்சிப்பாறை அணை இருக்கிறது. 1906-இல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவு 48 அடி. மழைக்காலத்தில் மட்டம் அந்த அளவை நெருங்கினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். சிற்றாறு அணைகளில் திறக்கும் தண்ணீரும் இந்தப் பக்கம் வந்து சேரும். திற்பரப்பில் வெயில் பளீரென்று அடிக்கும், ஒரு துளி மழை இருக்காது, ஆனால் மலையில் பெய்த மழை ஆறாக வந்துகொண்டிருக்கும். அதனால் வானத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்பில் அணைகளின் நீர்மட்டம் வரும், கிளம்பும் முன் அதைப் பார்ப்பது நல்லது. பார்க்க வேண்டியது பேச்சிப்பாறையும் சிற்றாறும்தான். பெருஞ்சாணி மட்டத்தைப் பார்த்துப் பயன் இல்லை, அது பறளியாற்றில் இருக்கிறது. அந்த ஆறு திற்பரப்பைத் தாண்டி, கீழே திருவட்டாருக்குப் பக்கத்தில்தான் கோதையாற்றோடு சேரும்.

2021 நவம்பர் மழையில் அருவியே அடையாளம் தெரியாமல் வெள்ளம் பாய்ந்தது. அப்படிப்பட்ட நாட்களில் குளிக்கத் தடை போடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே, கால் மட்டும் நனைச்சிட்டுப் போறோம்" என்று காவலாளியிடம் கெஞ்சுகிறவர்கள் எப்போதும் உண்டு. அவரும் "வேண்டாம் மக்களே, பாறை வழுக்கும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருப்பார். ஆற்றுப் படுகை முழுக்க ஒரே பாறை, பாசி பிடித்தால் சோப்புக்கட்டி மாதிரி. விழுந்தால் பிடித்துக்கொள்ள மண்ணும் இல்லை, வேரும் இல்லை. செல்ஃபிக்காகக் கம்பியைத் தாண்டுகிறவர்களுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் முதல் மே வரை வந்தால் நூல் மாதிரித்தான் விழும். ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் உண்டு.

அருவிக்குக் கொஞ்சம் மேலே தடுப்பணை, அதில் படகு விடுகிறார்கள். நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக்கூடாது. பக்கத்திலேயே மகாதேவர் கோவில். சிவராத்திரி சிவாலய ஓட்டத்தில் பன்னிரண்டு கோவில்களில் இது மூன்றாவது. காவி வேட்டியும் கையில் விசிறியுமாக ஆட்கள் ஓடிவரும் அந்த நாளில் காரில் வந்து பார்க்கிங் தேடுவது வீண் வேலை. இந்தப் பக்கத்துப் பழைய கோவில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடாமல், உலர்ந்த வேட்டி ஒன்றைப் பையில் வைத்திருந்தால் சௌகரியம். கூடவே ஒரு தோர்த்து (அதாங்க, துண்டு!). கனமான டர்க்கி டவல் இந்த மழை ஊரில் இரண்டு நாளானாலும் காயாது.

பசிக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். வாங்கிப் போக மட்டிப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த கன்னியாகுமரிப் பழம் அது, தோல் மெல்லிசு. பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தால்தான் ஊர் போய்ச் சேரும்.