ஈயச் சிப்பாய்

"எண்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவர் பொம்மை வாங்கலாமா?" என்று என் மனைவி கேட்கிறாள். பேரனுக்கென்று சொல்லித் தப்பலாம். ஆனால் அவனைத் தொடவிடாமல் நான் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்?

என்னிடம் இருப்பவை உயர்ந்த சரக்கல்ல. கை ஒடிந்தவன், துப்பாக்கியை இழந்தவன், வர்ணம் உதிர்ந்து முகமே மறைந்தவன் என்று பழைய சாமான் கடைகளில் பொறுக்கிச் சேர்த்த பட்டாளம். ரோமாபுரி வீரனுக்குப் பக்கத்தில் நெப்போலியனுடைய மெய்காப்பாளன்; அவனை அடுத்துக் காக்கி உடுப்புக்காரன். சரித்திரம் ஒரே தட்டில் சண்டையின்றி நிற்கிறது.

இந்தப் பொம்மைகள் மலிவானதற்குக் காரணம் ஒரு துவாரம். முன்னெல்லாம் ஜெர்மனியில், முக்கியமாக நூரம்பர்க் நகரில், வெள்ளீயத்தைத் தட்டையாக வார்த்துச் சிப்பாய்கள் செய்தார்கள். உருண்டு திரண்ட பொம்மைகளும் உண்டு. ஆனால் உள்ளும் புறமும் கெட்டி உலோகம், ஆகவே கனமும் விலையும் அதிகம். 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்பத்தார் ஒரு யுக்தியைக் கையாண்டார்கள். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். ஓரத்தில் பட்டது மட்டும் தோல்போல் உறைந்ததும், நடுவிலுள்ள குழம்பைத் துவாரத்தின் வழியே திரும்பக் கொட்டிவிடுவார்கள். ஈயமும் மிச்சம், ஏற்றுமதிக் கூலியும் மிச்சம். உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே விறைப்பாக நிற்பவர்களை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். அது வேறு விஷயம். ஈயம் குழந்தைகளுக்கு விஷம் என்பதால் 1966-ல் அக்கம்பெனியார் ஈயப் பொம்மை செய்வதை நிறுத்தினார்கள். என் பூட்டுக்கும் அதுதான் காரணம்.

எச். ஜி. வெல்ஸ் இவற்றை வைத்து யுத்தம் ஆடுவதற்கு விதிகள் வகுத்து 1913-ல் ஒரு புத்தகமே எழுதினார். மெய்யான யுத்தத்தைவிட இது மேல் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே மெய்யான யுத்தம் வந்துவிட்டது. நமக்குச் சுதந்திரம் கூடாதென்று முரண்டு பிடித்த சர்ச்சிலிடம் பாலியத்தில் சுமார் 1,500 சிப்பாய்கள் இருந்தனவாம். தகப்பனார் அவற்றைப் பார்வையிட்டு, "பட்டாளத்தில் சேருகிறாயா?" என்றார். தம் யுத்த சாமர்த்தியத்தைக் கண்டுதான் அப்படிக் கேட்டார் என்று பையன் பல வருஷம் பூரித்திருந்தான். வக்கீல் தொழிலுக்குப் போதிய மூளை இல்லை என்று தகப்பனார் நினைத்தது பிறகுதான் தெரிந்ததாம்!

என் தகப்பனாரும் ஒரு நாள் என் சிப்பாயைப் பார்வையிட்டார். 1956-ல், எனக்கு ஒன்பது வயது. மூர் மார்க்கெட்டில் (அது 1985-ல் தீக்கிரையாயிற்று) ஆறணாவுக்கு ஒருவனை வாங்கினேன். சிவப்புச் சட்டை, தலைப்பாகை, கறுத்த முகம். பிரிட்டன் கம்பெனியார் மதராஸ் காலாட்படையையும் பொம்மையாக்கி விற்றிருந்தார்கள். 1942-ல் சிறை சென்ற கதர்காரரான அப்பா அவனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இவன் யாருக்காகச் சண்டை போட்டான்?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். அவர் வேலூர்க் கதையைச் சொன்னார். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியவேண்டும், நெற்றிக் குறி கூடாது என்று உத்தரவு போட்ட வெள்ளைத் துரைகளை எதிர்த்து, 1806 ஜூலை 10-ந் தேதி அந்த மதராஸ் சிப்பாய்களே கோட்டையைப் பிடித்ததையும், அன்றே ஆர்க்காட்டுக் குதிரைப்படை வந்து அடக்கியதையும், பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதையும் சொன்னார். ஆனாலும் முடிவில், "நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வா" என்றார்.

"கொடுத்துவிட்டேன்" என்று மறுநாள் சொன்னேன். கொடுக்கவில்லை. பரண்மேல் பித்தளைச் செம்புக்குள் ஒளித்து வைத்தேன். அப்பா காலமாகும்வரை உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

சென்ற வாரம் பேரன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "தாத்தா, இவன் எந்தக் கட்சி?" என்றான். செம்புக் கதை, வேலூர்க் கதை இரண்டையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் இவன் மட்டும் ஏன் அவர்களோடு ஒரே பக்கம் பார்க்கிறான்?" என்றான்.

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். துப்பாக்கியின் முனை மற்றவர்கள்மேல் இடிக்காமல் அவனைத் திருப்பி வைப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.